ஃபோர்மேன் வீட்டு மெஷின்

பேண்ட்சா பிளேடு ஒடிந்தால் முதலில் பிளேடு விற்ற கடைக்காரரைத் திட்டுவோம். அடுத்து அதன் இரு முனையையும் பற்றவைத்து ஜாயின்ட் போட்டவரை. அதிலும் மனசு ஆறாவிட்டால் மெஷினில் நின்ற பையனை. கோயம்புத்தூர் பட்டறைகளில் இதுதான் வழக்கம். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். மூன்றாவதில் திட்டியதோடு நிற்கவும் இல்லை. பையனுடைய சனிக்கிழமைச் சம்பளத்தில் பிளேடு காசைப் பிடித்துக்கொண்டேன். பிளேடு ஒடிந்ததற்குக் காரணம் நான்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நூற்பாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் ஆயில் மாற்றும் தேதி ஒரு நாள் தள்ளிப்போனாலும் ஃபிட்டரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பேன். "மெஷின் வாயில்லாத ஜீவன், நாமதான் பாத்துக்கணும்" என்று வசனம் வேறு. ஒவ்வொரு மெஷினுக்கும் கார்டு, தேதி, கையெழுத்து. ஒரு பேரிங் சத்தம் மாறினால் ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர் எடுத்தவன். அந்தக் காதுக்கு, சொந்த வீட்டு ஷெட்டில் நாலடி தூரத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்த பேரிங் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதும் பொய். கேட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வீட்டுப் பின்புறம் கார் நிறுத்தக் கட்டிய ஷெட்தான் என் பட்டறை. ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், இந்த பேண்ட்சா. பம்புக்கு ஷாஃப்ட், கேட்டுக்குக் கீல், அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் மாவு மில்லுக்கு ஒரு புஷ். காசுக்காக இல்லை, கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கோவையில் ஜாப் ஆர்டர் பட்டறைகள் பல தடுமாறின. கரண்ட் வரும் நேரம்தான் ஷிஃப்ட் என்று ஆகியிருந்தது. அப்படித் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடிய ஒரு பட்டறையிலிருந்து இந்த மெஷினை வாங்கினேன். 7 அங்குல உருண்டை வரை வெட்டும். பிளேடு 93 அங்குல நீளம், 20 மி.மீ. அகலம், 0.9 மி.மீ. கனம். அதுவரை பவர் ஹேக்சாவோடு மல்லுக்கட்டியவன். அது ஒரு பக்கம் இழுக்கும்போது மட்டும் வெட்டும், திரும்பி வரும்போது சும்மா வரும். பேண்ட்சாவில் அந்த வீண் ஓட்டம் கிடையாது. பிளேடு ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், தலை தன் எடையில் இறங்கிக்கொண்டே இருக்கும், அறுவை வாய் மெல்லிசு, சேதாரமும் குறைவு. வந்த புதிதில் வெட்டிய முகத்தைத் துடைத்துவிட்டு எல்லோரிடமும் காட்டுவேன்.

அந்த பிளேடைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியாது. பைமெட்டல் பிளேடு என்பது இரண்டு உலோகம். பல் நுனி மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல். நல்ல பிளேடில் அது எம்42, கோபால்ட் 8 சதவீதம் சேர்ந்தது. சூட்டிலும் கூர் மழுங்காது. உடம்பும் முதுகும் ஸ்பிரிங் மாதிரி வளையக்கூடிய எஃகு. இரண்டையும் எலெக்ட்ரான் பீம் வெல்டிங்கில் ஒட்டுகிறார்கள். பல் வெட்டுவதற்கு, முதுகு வளைவதற்கு. மைல்ட் ஸ்டீல் வெட்ட நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகம் வைத்தால், என் மெஷினில் பிளேடு நிமிடத்துக்கு 25 சுற்று வரும். ஒரு சுற்றில் இரண்டு சக்கரத்தையும் சுற்றி வளைந்து நிமிர வேண்டும். ஆக நிமிடத்துக்கு 50 தடவை. ஒரு மணி நேரத்துக்கு 3,000. இது போக, வெட்டுமிடத்தில் பிளேடு நேராக நிற்பதற்காக இரண்டு பக்கமும் உள்ள கைடு பேரிங்குகள் அதைப் பிடித்து முறுக்குகின்றன. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான். மெஷின் சரியாக இருந்தால் ஒடிவதற்கு முன்னால் பல் தேய்ந்துவிடும், நாம் கழற்றிவிடுவோம். பல் நன்றாக இருக்கும்போதே பிளேடு ஒடிந்தால், பெரும்பாலும் கோளாறு மெஷினில், அல்லது அதை ஓட்டுகிறவரிடம்.

இது எனக்குத் தெரியும். மில்லில் ஸ்டோர்ஸ்காரர்களுக்கே வகுப்பெடுத்திருக்கிறேன். இனி நான் செய்ததைக் கேளுங்கள்.

முதல் குற்றம் கருமித்தனம். எல்லாவற்றுக்கும் ஒரே பிளேடு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை வைத்துத்தான் எதை வெட்டலாம் என்று முடிவாகும். எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. என்னிடம் இருந்தது 4/6, அதாவது கனத்த உருண்டைகளுக்கானது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி. அதைக் கொண்டு 2 மி.மீ. தகட்டு ஸ்கொயர் டியூபை வெட்டினேன். இரண்டு பல்லுக்கு நடுவில் தகடே முழுசாக உட்கார்ந்துகொள்ளும், பின்னால் வரும் பல் அதில் மோதித் தெறிக்கும். 'டக் டக் டக்' என்று சத்தம் வரும். டியூப் வேலைக்கென்று 10/14 பிளேடு ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது. பிளேடு மாற்ற ஆகும் கால் மணி நேரத்துக்கும், இரண்டாவது பிளேடின் விலைக்கும் மனசு வரவில்லை.

பல் போன பிளேடு மெதுவாக வெட்டும். மெதுவாக வெட்டினால் எனக்குப் பொறுமை போய்விடும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து எப்போதோ வாங்கி வந்த தண்டவாளத் துண்டு ஒன்று கிடந்தது. அதைக் கட்டுக்கம்பியால் மெஷின் தலையின் மேல் கட்டித் தொங்கவிட்டேன். பாரம் ஏறியதும் வேகமாக இறங்கியது. நானே என் மூளையை மெச்சிக்கொண்டேன். தலை எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவதற்காகவே அந்த மெஷினில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் உண்டு. அதில் சீல் கசிந்து எண்ணெய் வடிந்துபோய், அது பேருக்குத்தான் அங்கே இருந்தது. சீல் மாற்றுவது ஒரு மாலை வேலை. தண்டவாளம் கட்டுவது ஐந்து நிமிட வேலை.

பாரம் ஏற ஏற வெட்டு கோணியது. மேலே நேராகப் புகுந்த பிளேடு கீழே வரும்போது 2 மி.மீ. ஒதுங்கியிருக்கும். "லேத்ல ஃபேசிங் அடிச்சுக்கலாம், விடு" என்பேன். ஒவ்வொரு துண்டிலும் அதற்கென்று 5 மி.மீ. கூட விட்டு வெட்டச் சொன்னேன். அப்படி சுருளாகப் போன இரும்பையெல்லாம் கூட்டினால் அந்த 10/14 பிளேடை எத்தனை தடவை வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கூலண்ட் டேங்க் கதை தனி. அடியில் பொடி படிந்து, மேலே எண்ணெய் ஆடை கட்டி, வாரக்கணக்கில் மெஷின் ஓடாமல் கிடந்தால் அழுகின முட்டை நாற்றம் வரும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவின் வேலை அது. வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். நான் ஒரு மூடி ஃபினாயில் ஊற்றுவேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மில்லில் எவனாவது இதைச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். பல்லிடுக்கில் ஒட்டும் துணுக்கை எடுக்க பிளேடு திரும்பும் இடத்தில் ஒரு கம்பி பிரஷ் இருக்கும். என் மெஷினில் அது மயிரெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றது. ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் குறை வைத்ததில்லை. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைப்பேன். பொட்டு வைத்த கவரைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை.

அந்தக் கவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் காசு நஷ்டம், இது அப்படி இல்லை. கவரைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அது பொடி புகுந்து அடிக்கடி மக்கர் செய்தது. இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். கவரின் கொக்கி ஒடிந்தபோது அதற்கும் கட்டுக்கம்பிதான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டு மாலையிலும் விடுமுறையிலும் என்னிடம் வருவான். மாமா என்றுதான் கூப்பிடுவான். வாரச் சம்பளம் என்று ஒரு சின்னத் தொகை கொடுத்துவந்தேன். கவனமான பையன். அளவெடுத்தால் இரண்டு தடவை எடுப்பான். அன்று 100 மி.மீ. இ.என்.8 எஃகு உருண்டை வெட்டக் கொடுத்துவிட்டு டீ குடிக்க உள்ளே போனேன். புது பிளேடு, மாட்டி அதிக நாள் ஆகவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் பையன் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறான். பிளேடு ஒடிந்திருந்தது. ஒடிந்த முனை கவர் இடுக்கு வழியாக ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அவன் நின்ற பக்கம்.

அந்த முனையைப் பார்த்ததும் எனக்கு வந்திருக்க வேண்டியது பயம். வந்தது கோபம். "தலையத் தூக்கி டொம்முனு போட்டயா?"

"இல்லீங்க மாமா, மெதுவாத்தான் எறக்குனேன்."

"மெதுவா எறக்குனா எப்படிடா ஒடியும்? புது பிளேடு!"

அவன் அதற்கு மேல் பேசவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசி வளர்ந்த பையன் இல்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. சனிக்கிழமை எண்ணிக் கொடுக்கும்போது, "பாதி வெலையத்தான் புடிச்சிருக்கேன், அப்பத்தான் அடுத்த தடவை கவனம் வரும்" என்றேன். பெரிய மனசு பண்ணுகிற தோரணையில்.

திங்கட்கிழமை ஒடிந்த பிளேடைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஜாயின்ட் கடைக்குப் போனேன். அவரையும் விடுவதாக இல்லை. கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றே, "என்னங்க உங்க ஜாயின்ட், ஒரு மாசம் தாங்கலியே" என்று ஆரம்பித்தேன். அவர் வாய் பேசவில்லை. பிளேடை வாங்கி, ஜாயின்ட் இருந்த இடத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். ஜாயின்ட் முழுசாக இருந்தது. தேய்த்து மட்டமாக்கிய அந்த நீலம் பாய்ந்த பட்டை அப்படியே. ஒடிந்தது அங்கிருந்து மூன்றடி தள்ளி.

"முதுகைத் தடவிப் பாருங்க சார்" என்றார்.

நகத்தை வைத்து பிளேடின் பின் ஓரத்தில் இழுத்தேன். வழவழப்பாக இருக்க வேண்டிய ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்து, இரண்டு பக்கமும் மடிந்து பிசிறாக நின்றது. நகம் மாட்டியது. பூதக்கண்ணாடி கொடுத்தார். முதுகிலிருந்து பல் பக்கமாக மயிரிழை விரிசல்கள், கொஞ்சம் கொஞ்ச தூரத்தில் வரிசையாக. ஒடிந்த இடம் அவற்றில் முந்திக்கொண்ட ஒன்று, அவ்வளவுதான்.

"பல்லு பக்கம் வெடிச்சா டென்ஷனப் பாக்கோணும். முதுகுல வெடிச்சா பின்னால இருக்கிற பேரிங்கப் பாருங்க. அது சுத்துதா? மேல பாரம் கீரம் ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா சார்?"

கடையில் நின்ற இருவரில் ஒருவர் சிரித்தார். நான் இல்லை என்றேன். அதுவும் பொய்.

ஜாயின்ட் மேல் பழி போடுவது பேண்ட்சா அளவுக்கே பழைய பழக்கம்தான். லண்டனில் வில்லியம் நியூபெரி இந்த மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1808இல். ஆனால் வளைந்து வளைந்து ஓடும் பட்டைக்குத் தாங்கும் ஜாயின்ட் போட அப்போது வழி இல்லை. மெஷின் பல வருஷம் காகிதத்தோடு சரி. 1846இல் பிரான்சில் ஆன் போலின் க்ரெபின் என்ற பெண்மணி அதற்கு ஒரு பற்றவைப்பு முறை கண்டுபிடித்த பிறகுதான் பேண்ட்சா உருப்பட்டது. அந்தக் காலத்தில் ஜாயின்டைத் திட்டியவர்களுக்காவது நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டுக்கம்பியை அவிழ்த்துக் கவரைத் திறந்தேன். பிளேடின் முதுகைத் தாங்கும் பேரிங் சுற்றவே இல்லை. விரலால் தள்ளினாலும் அசையவில்லை. பொடியும் காய்ந்த கூலண்டும் சேர்ந்து இறுகி, பேரிங்கின் விளிம்பில் பிளேடு அறுத்து அறுத்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. மேலே தண்டவாளப் பாரம் அழுத்த, பிளேடு சுற்றாத பேரிங்கின் மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. கீச்சென்ற அந்தச் சத்தம் இதுதான். புது பேரிங் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்குள் முடிந்தது.

அதன்பின் செய்ததையெல்லாம் விரிக்க வேண்டாம். செய்திருக்க வேண்டியதைத் தாமதமாகச் செய்ததில் சொல்ல என்ன இருக்கிறது. கைடு பேரிங் எல்லாம் மாற்றினேன், சிலிண்டருக்கு சீல் போட்டேன், மைக்ரோ சுவிட்சை ஒழுங்காக ஒயர் செய்தேன், கவருக்குக் கொக்கி வெல்டிங் வைத்தேன். டேங்கைக் கழுவி, தண்ணீர் 10 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு கலந்தேன். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால் திரிந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் மெஷின் வைத்திருக்கும் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. புது பிளேடின் பல் நுனி சவரக் கத்தி போல அளவுக்கு மீறிக் கூராக இருக்கும். எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் கொடுத்தால் அந்த நுனி உதிர்ந்துவிடும், பிளேடின் ஆயுள் அங்கேயே பாதியாகிவிடும். வேகத்தைக் குறைக்காமல், இறக்கத்தை மட்டும் பாதியாக்கி முதல் சில வெட்டுகளைப் போக்க வேண்டும். நுனி லேசாக உருண்டு பதப்படும். அப்புறம் படிப்படியாகக் கூட்டலாம். சரியாகப் போகிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம், தட்டில் விழும் துணுக்கே போதும். வெள்ளியாகச் சுருண்டு, வெதுவெதுப்பாக விழுந்தால் சரி. மாவாக விழுந்தால் பிளேடு வெட்டாமல் உரசுகிறது என்று அர்த்தம். ஸ்டெயின்லெஸ்ஸில் இப்படி உரசவிட்டால் அந்த இடம் இறுகிப்போய் அப்புறம் எந்தப் பல்லும் ஏறாது. எஸ்.எஸ். 304 வெட்டுகிறவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். நீலம் பாய்ந்து கெட்டியாக விழுந்தால் அழுத்தமோ வேகமோ அதிகம். தண்டவாளம் கட்டியிருந்த காலமெல்லாம் என் தட்டில் விழுந்தது நீலம்தான். நிறம் அழகாக இருக்கிறது என்று ஒரு டப்பாவில் போட்டுக்கூட வைத்திருந்தேன்.

முழுசாகத் திருந்திவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் பிளேடின் டென்ஷனைத் தளர்த்திவிட வேண்டும், இரவெல்லாம் இறுக்கத்தில் நிற்கக் கூடாது. பாதி நாள் மறந்துவிடுகிறேன். கார்டு ஒன்று எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன், மில்லில் இருந்தது மாதிரியே. சில கட்டங்களில் வேலை செய்யாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மில்லில் ஃபிட்டர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று இப்போது புரிகிறது. அன்று அவர்களைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

ஜாயின்ட் கடைக்காரரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது. அவர் நான் கட்டிய பாரத்தை அன்றைக்கே ஊகித்திருந்தார். "எல்லாரும் கட்டுறதுதான் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

பையனிடம்தான் சொல்லவில்லை. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க மனசாட்சி விடவில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், மாமா என்று கூப்பிடுகிற பையன் முன்னால் ஃபோர்மேன் கீழே இறங்க வேண்டும். தீபாவளி வந்தது. பிடித்த தொகையோடு கொஞ்சம் சேர்த்துக் கவரில் போட்டு, "இந்தா, போனஸ்" என்று நீட்டினேன். காலில் விழப் போனான். அன்று சாயங்காலம் அவன் அம்மா முறுக்கும் அதிரசமும் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, "படிக்கிற பையனுக்கு யாருங்ண்ணா இப்படிக் குடுப்பாங்க" என்றார். "இருக்கட்டும்மா" என்றேன். அவன் காசை அவனுக்கே கொடுத்து நன்றி வாங்கிக்கொண்டேன். சம்பளத்தில் பிடித்தது கோபத்தில் செய்தது. இது யோசித்துச் செய்தது. இரண்டில் இதுதான் மட்டம்.

இப்போது அவன் சி.என்.சி. பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து உட்காருவான். நான் புது பிளேடு மாட்டினால் சுருளைப் பிரிக்கக் கை கொடுப்பான். அன்றைக்கு ஒடிந்தது தன்னால்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். "ஆரம்பத்துல நான் ஒரு பிளேடு ஒடிச்சனே மாமா, நீங்க பாதிதான் புடிச்சீங்க" என்று போன மாதம்கூடச் சொல்லிச் சிரித்தான். அவன் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இந்தக் கதையைத்தான் உதாரணமாகச் சொல்கிறானாம், தலையை மெதுவாக இறக்க வேண்டும் என்பதற்கு.

அவன் அம்மா இந்தப் பத்திரிகையை மாதாமாதம் வாங்குகிறார். இது அச்சாகி வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிட வேண்டும்.